பணியிடப் பாதுகாப்புப் பயிற்சி: முதலாளியும் சூப்பர்வைசரும் எங்கிருந்து தொடங்குவது?

நேற்று வரை லேத் மெஷினில் நின்றவர் இன்று காலை முதல் சூப்பர்வைசர். வேலையில் நேர்த்தி இருக்கிறது, நேரத்துக்கு வருகிறார், கை சுத்தம் என்று பார்த்துப் பதவி கொடுத்துவிட்டார்கள். பத்துப் பேருக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது அவருக்கு ஒருவாறு தெரியும். அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கு அடிபட்டால் முதல் கேள்வி தன்னிடம்தான் வரும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொரு பக்கம், புதிதாக ஒரு பட்டறையோ கிடங்கோ கட்டட ஒப்பந்தமோ எடுத்து நடத்தத் தொடங்கிய முதலாளி. பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம் என்று தொழிலாளர் துறை ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போனார். அல்லது ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனி சான்றிதழ் கேட்கிறது. தேடினால் அரை நாள் வகுப்பிலிருந்து பல மாதப் படிப்பு வரை வரிசையாக வந்து நிற்கின்றன. எதில் சேர்வது, யாரை அனுப்புவது?

இந்த இருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் தவறு அங்கேதான் நடக்கிறது.

யாரை அனுப்புவது

வழக்கமாக நடப்பது இது: முதலாளி பணம் கட்டுகிறார், சூப்பர்வைசர் வகுப்புக்குப் போகிறார், சான்றிதழ் சுவரில் மாட்டப்படுகிறது. இது ஏன் போதாது என்பதை எந்தப் பாதுகாப்பு வகுப்பிலும் முதல் நாளே சொல்லித்தரும் ஒரு பாடத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

ஆபத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளை ஐந்து படிகளாக அடுக்குவார்கள். மேல்படி, ஆபத்தையே இல்லாமல் செய்வது. அடுத்தது, அதற்குப் பதிலாக ஆபத்து குறைந்த ஒன்றைக் கொண்டுவருவது. மூன்றாவது, இயந்திரத்திலோ கட்டமைப்பிலோ தடுப்பு வைப்பது. நான்காவது, வேலை செய்யும் முறையை மாற்றுவது. பயிற்சி, எச்சரிக்கைப் பலகை, ஆட்களை மாற்றி மாற்றிப் போடுவது எல்லாம் இதில் வரும். கடைசிப் படிதான் ஹெல்மெட், கையுறை, முகக்கவசம். மேலே போகப் போகப் பலன் அதிகம், ஏனென்றால் அங்கே மனிதனின் ஞாபகத்தையும் ஒழுக்கத்தையும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

கல் வெட்டும் இடத்தை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த கல்லைக் கட்டரால் அறுக்கும்போது பறக்கும் நுண்தூசியில் சிலிக்கா இருக்கிறது. பல வருடங்கள் மூச்சில் போனால் நுரையீரல் இறுகிப்போகும். சிலிக்கோசிஸ் என்கிற அந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. இங்கே மேல்படி என்றால், தேவையான அளவிலேயே வெட்டிய கல்லை வாங்குவது. நம் இடத்தில் வெட்டும் வேலையே இருக்காது. அது முடியாவிட்டால், தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்கும் கட்டர் வாங்கலாம், அல்லது தூசியை உறிஞ்சும் கருவியைப் பொருத்தலாம். அதுவும் இல்லையென்றால் கடைசியில் முகக்கவசம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வெட்டிய கல்லை வாங்கலாம் என்று முடிவெடுப்பது யார்? புது கட்டருக்குப் பணம் ஒதுக்குவது யார்? சூப்பர்வைசரால் அவர் அதிகாரத்துக்குள் செய்ய முடிந்ததெல்லாம் முகக்கவசத்தைக் கையில் கொடுத்து "போட்டுக்கோ" என்று சொல்வதுதான். அதாவது மேல் மூன்று படிகள் பெரும்பாலும் முதலாளியின் கையில் இருக்கின்றன, கீழ் இரண்டும் சூப்பர்வைசர் கையில். சூப்பர்வைசரை மட்டும் பயிற்சிக்கு அனுப்பும் இடத்தில் பாதுகாப்பு என்பது ஹெல்மெட்டோடும் எச்சரிக்கைப் பலகையோடும் நின்றுபோவதற்குக் காரணம் இதுதான். படித்துவிட்டு வந்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். செய்யும் அதிகாரம் இருக்காது.

அதனால் என் கருத்து: முதலில் முதலாளி போக வேண்டும், அரை நாளோ ஒரு நாளோ போதும். அப்புறம் சூப்பர்வைசர்கள், கொஞ்சம் நீண்ட வகுப்புக்கு. இருவரும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும் என்று அவசியமில்லை. முதலாளி பக்கத்தில் இருந்தால் சூப்பர்வைசர் வாய் திறந்து கேள்வி கேட்கவும் மாட்டார்.

சட்டத்தை எந்த அளவுக்குத் தெரிந்துகொள்வது

ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு. உங்கள் நாட்டுத் தொழிலாளர் துறையின் தளத்தைத் திறந்து மூன்று விஷயங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் தொழிலுக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் எந்தப் பயிற்சி கட்டாயம், அதை நடத்த யாருக்கு அங்கீகாரம் உண்டு, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சில இடங்களில் கெடுவும் இருக்கும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சூப்பர்வைசராக வேலை தொடங்கிய ஒரு வாரத்துக்குள் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்தாக வேண்டும். 2014 ஜூலையிலிருந்து அங்கே இதுதான் விதி.

நாடு எதுவானாலும் பல சட்டங்களின் அடியில் இருக்கும் கருத்து ஒன்றுதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981-இல் கொண்டுவந்த 155-ஆம் எண் உடன்படிக்கை, நியாயமாகச் சாத்தியப்படும் அளவுக்கு வேலையிடத்தையும் இயந்திரங்களையும் ஆபத்தில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பை முதலாளி மேல் வைக்கிறது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான பெரும் ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகிய தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது என்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கான செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்றும் சொல்கிறது. இந்தக் கடைசி வரியை முதலாளிகள் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்; ஹெல்மெட்டுக்கும் பயிற்சிக்கும் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் பழக்கம் இன்னும் எத்தனையோ இடங்களில் இருக்கிறது. 2022-இல் பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலையிடத்தைத் தொழிலாளர்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே அந்த அமைப்பு சேர்த்துவிட்டது.

எந்த வகுப்பு

சந்தையில் இருக்கும் வகுப்புகளை மூன்று கூடைகளில் போடலாம். சட்டம் கட்டாயமாகக் கேட்பவை, பொதுவான மேலாண்மை வகுப்புகள், குறிப்பிட்ட வேலைக்கான வகுப்புகள்.

முதல் கூடையில் தேர்வுக்கு இடமில்லை, கேட்டதைச் செய்தாக வேண்டும். இரண்டாவதில்தான் ஆட்கள் தடுமாறுவார்கள். சில பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் விளம்பரங்களைப் படிக்கும்போது உதவும். அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் 10 மணி நேர வகுப்பு தொழிலாளர்களுக்கானது. 30 மணி நேர வகுப்பு சூப்பர்வைசர் போன்று பாதுகாப்புப் பொறுப்பு உள்ளவர்களுக்கானது. பாதுகாப்புத் துறையினருக்கான பிரிட்டனின் ஐஓஎஸ்ஹெச் அமைப்பு தலைமையில் இருப்பவர்களுக்கு லீடிங் சேஃப்லி என்ற குறுகிய வகுப்பையும், மேலாளர், சூப்பர்வைசர்களுக்கு மேனேஜிங் சேஃப்லி என்ற நீண்ட வகுப்பையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. நிறுவனங்களைப் படிப்படியாகப் பாதுகாப்பில் முன்னேற்றும் சிங்கப்பூரின் பிஸ்சேஃப் திட்டத்தில் முதல் நிலையே நிறுவனத்தின் தலைமையில் இருப்பவருக்கான வகுப்புதான். கவனித்தீர்களா, முதலாளிக்கு வேறு, சூப்பர்வைசருக்கு வேறு என்று அவர்களும் பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

பிரிட்டனின் நெபோஷ் என்ற தேர்வு வாரியம் தரும் சான்றிதழ் இன்னும் கனமானது. பாதுகாப்பையே தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவருக்குப் பொருந்தும். பத்துப் பேரை மேய்க்கும் சூப்பர்வைசரை எடுத்த எடுப்பில் அதில் சேர்த்தால் பாதியில் விட்டுவிட்டு வருவார். அதேபோல ஐஎஸ்ஓ 45001 லீட் ஆடிட்டர் வகுப்பு. 45001 என்பது 2018-இல் வெளியான பணியிடப் பாதுகாப்பு மேலாண்மைத் தரநிலை. அந்த வகுப்பு நிறுவனங்களைத் தணிக்கை செய்யக் கற்றுத்தருகிறது. சாரத்தில் ஏறுபவரைப் பாதுகாக்கச் சொல்லித்தருவது அதன் வேலை இல்லை. பெயர் கம்பீரமாக இருக்கிறதே என்று சூப்பர்வைசருக்கு வாங்கிக்கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது கூடை: உயரத்தில் வேலை, மின்சாரம், கிரேன், ஃபோர்க்லிஃப்ட், ரசாயனம், தொட்டிக்குள் இறங்குவது. பொது வகுப்பு முடித்துவிட்டேன் என்பதால் இவற்றைத் தவிர்க்க முடியாது. ஓஷாவே தன் 10, 30 மணி நேர வகுப்புகள் சட்டம் கேட்கும் தனித்தனிப் பயிற்சிகளுக்கு ஈடாகாது என்று சொல்லியிருக்கிறது. உங்கள் இடத்தில் யாருக்காவது உயிர் போகக்கூடிய வேலை எது என்று பார்த்து, அந்த ஒன்றுக்கான பயிற்சியை முதலில் எடுங்கள். நீளமான பட்டியல் போட்டு எல்லாவற்றையும் தள்ளிப்போடுவதைவிட இது மேல்.

பயிற்சி நிறுவனத்தைப் பேசி முடிக்கும் முன் சில கேள்விகள் கேட்க வேண்டும். நடத்துபவர் களத்தில் வேலை பார்த்தவரா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? நாற்பது பேரை உட்காரவைத்து, உயரத்திலிருந்து விழாமல் காக்கும் ஹார்னஸ் பெல்ட்டை மாட்டச் சொல்லித்தர முடியாது. தேர்வு உண்டா, தோற்றால் என்ன ஆகும்? எல்லோருமே தேர்ச்சி, அதுவும் உறுதி என்று சொன்னால் போனை வைத்துவிடலாம். சான்றிதழ் உண்மையானதா என்று எண்ணை வைத்து வழங்கிய அமைப்பிடமே சரிபார்க்க முடியுமா?

எல்லாவற்றுக்கும் மேல், எந்த மொழியில் நடத்துவார்கள்? இதை யாரும் கேட்பதில்லை. சூப்பர்வைசருக்கு நன்றாகப் புரியாத மொழியில் ஸ்லைடு ஸ்லைடாக ஓட்டி, கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பும் வகுப்புகளை நானே பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். டீ நேரத்தில் கேட்டால் பாதிப் பேருக்கு என்ன பாடம் என்றே தெரியவில்லை.

இணையவழி வகுப்பு கூடாது என்று சொல்ல மாட்டேன். சட்டம், கருத்துகள், படிவங்கள் இவற்றை வீட்டில் உட்கார்ந்தே படிக்கலாம். கையால் செய்ய வேண்டியதை நேரில்தான் கற்க வேண்டும்.

போவதற்கு முந்தைய வாரம்

வெறுங்கையோடு வகுப்புக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்பி வருவோம். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு உங்கள் இடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள், வேலை நடக்கும் நேரத்தில். இரவு ஷிப்ட் இருந்தால் ஒரு தடவை இரவிலும். என்னென்ன வேலை நடக்கிறது, எதில் அடிபட வாய்ப்பு என்று எழுதுங்கள். பழகிய கண்ணுக்கு ஆபத்து தெரியாது. எனவே கூட வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். "இங்க எந்த வேலை செய்யும்போது உங்களுக்குப் பயமா இருக்கும்?" என்று கேட்டால் போதும். ஆபத்து எங்கே என்று கேட்டால் "ஒண்ணும் இல்லைங்க" என்பார்கள், பயம் எது என்று கேட்டால் கதையாகச் சொல்வார்கள்.

அப்புறம் விபத்துப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். காலியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். சின்ன வெட்டு, கண்ணில் தூசி, வழுக்கியது, மேலிருந்து ஸ்பேனர் விழுந்து நூலிழையில் தப்பியது, இதெல்லாம் ஒரு வருடத்தில் ஒன்றுகூட நடக்கவில்லை என்றால் நம்ப முடியுமா? எழுதவில்லை என்றுதான் அர்த்தம்.

ரசாயனம் ஏதாவது பயன்படுத்தினால் அதன் பாதுகாப்புத் தகவல் தாளை விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான நாடுகளில் ஒரே மாதிரி 16 பகுதிகள் இருக்கும். முழுவதையும் படிக்க முடியாவிட்டாலும் 4-ஆம் பகுதி முதலுதவி, 5 தீயணைப்பு, 7 கையாள்வதும் சேமிப்பதும், 8 என்ன கவசம் போட வேண்டும் என்பது. இந்த நான்கையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று போட்டோக்களும் எடுத்துக்கொண்டால் நல்லது. வகுப்பில் "எங்கள் இடத்தில் இப்படி இருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று காட்டிக் கேட்கலாம். நல்ல பயிற்றுநர் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்.

வகுப்பில் எதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது

பாடத்திட்டத்தில் நிறைய இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுக்க வேண்டியதில்லை.

ஹசார்டு, ரிஸ்க் என்ற இரண்டு சொற்களின் வித்தியாசம் முதலில் தெளிவாக வேண்டும். தரையில் சிந்திய எண்ணெய் ஹசார்டு. அதில் ஒருவர் வழுக்கி விழ எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் எவ்வளவு பலமாக அடிபடும் என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது ரிஸ்க். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் சிந்தினாலும், சுமை தூக்கி இறங்கும் மாடிப்படியின் தலைப்பில் சிந்தினாலும் எண்ணெய் அதே எண்ணெய்தான். எதை முதலில் துடைப்பது என்று சொல்வது ரிஸ்க். இந்தக் கணக்குதான் ரிஸ்க் அசெஸ்மெண்ட்: ஆபத்துகளைக் கண்டுபிடிப்பது, யாருக்கு எவ்வளவு என்று மதிப்பிடுவது, கட்டுப்பாடு வைப்பது, எழுதிவைப்பது, அவ்வப்போது திரும்பிப் பார்ப்பது. வகுப்பில் தரும் மாதிரிப் படிவத்தில் அவர்கள் தரும் உதாரணத்தை நிரப்பாமல், உங்கள் நோட்டில் உள்ள வேலை ஒன்றை நிரப்பிக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது இயந்திரத்தைப் பழுது பார்க்கும்போது மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடும் முறை, லாக்அவுட் டேக்அவுட். ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டேன், போதாதா என்று கேட்பார்கள். மெஷினுக்குள் கையை விட்டிருப்பவரைப் பார்க்காமல் வேறொருவர் வந்து ஆன் செய்தால்? வரிசை இப்படி: சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்வது, மெஷினை நிறுத்துவது, மின்சாரம், காற்று, நீராவி என்று எந்தெந்த வழியில் சக்தி வருகிறதோ அத்தனையையும் துண்டிப்பது, துண்டித்த இடத்தில் பூட்டுப் போட்டுப் பெயர் எழுதிய அட்டை தொங்கவிடுவது, உள்ளே தங்கியிருக்கும் அழுத்தத்தையும் மின்னேற்றத்தையும் வெளியேற்றுவது, கடைசியாக ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்து ஓடவில்லை என்று உறுதிசெய்வது. வேலை செய்பவர் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. கடைசிப் படியைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

மூடிய இடத்துக்குள் இறங்கும் வேலை உங்களிடம் இருந்தால் அந்தப் பாடத்தில் தூங்கிவிடாதீர்கள். தொட்டி, கிணறு, சாக்கடைக் குழி, தானியக் குதிர் எல்லாமே இதில் அடக்கம். உள்ளே மயங்கியவரைத் தூக்கக் குதித்தவரும் சேர்ந்து இறந்துபோகும் செய்திகளை எல்லோருமே படித்திருப்போம். இறங்குவதற்கு முன் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்திலும் வாயுவை அளக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மூச்சுக்கு ஆபத்து, 23.5-க்கு மேல் இருந்தால் தீக்கு ஆபத்து. அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் பொல்லாதது. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. "இப்ப வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும் நேரமே மோசமான நேரம். வெளியே ஒருவர் வேறு எந்த வேலையும் இல்லாமல் காவலுக்கு நிற்க வேண்டும். என்ன நடந்தாலும் அவர் உள்ளே இறங்கக் கூடாது.

இதையெல்லாம் தாளில் கட்டிவைப்பதுதான் பெர்மிட் முறை, அதாவது ஆபத்தான வேலையைத் தொடங்கும் முன் எழுத்தில் அனுமதி வாங்குவது. அது வெறும் காகிதமாகிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு வகுப்பில் பெரும்பாலும் பைப்பர் ஆல்ஃபாவைச் சொல்வார்கள். வடகடலில் இருந்த எண்ணெய் மேடை அது. 1988 ஜூலை 6-ஆம் தேதி ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்பு நின்றதும் இரவில் இருந்தவர்கள் வால்வு கழற்றிய பம்பை இயக்கினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். ஷிப்ட் மாறும்போது எந்த வேலை பாதியில் நிற்கிறது என்று வாயாலும் சொல்லி, எழுதியும் கொடுப்பது சூப்பர்வைசரின் அன்றாட வேலை. ஐந்து நிமிடம்தான் ஆகும்.

வேலையை நிறுத்தும் அதிகாரம் பற்றி வகுப்பில் பேசினால் முதலாளிகள் கூர்ந்து கேட்க வேண்டும். வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுவரில் விரிசல் முந்தின நாளே தெரிந்திருந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேல் தளங்களில் இருந்த ஆடைத் தொழிற்சாலைகள் மறுநாள் காலை ஆட்களை உள்ளே வரச்சொன்னன. விரிசலைப் பார்த்த எத்தனையோ பேர் அங்கே இருந்தார்கள். "இன்று வேலை இல்லை" என்று சொல்லும் இடத்தில் இருந்தவர்கள் சொல்லவில்லை. உங்கள் சூப்பர்வைசர் ஆபத்தைப் பார்த்து வேலையை நிறுத்தினால், டெலிவரி தாமதமானாலும் நீங்கள் அவர் பக்கம் நிற்பீர்களா? வகுப்பு முடிந்ததும் அதை எழுத்தில் கொடுங்கள்.

இன்னொரு பாடத்தை எல்லோரும் ஒப்புக்குக் கேட்பார்கள்: தொழில்சார் நோய்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி வேலை காரணமாக உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 29 லட்சம் பேர் இறக்கிறார்கள். அதில் விபத்தில் இறப்பவர்கள் சுமார் 3.3 லட்சம், மீதி சுமார் 26 லட்சம் பேர் நோயால். விழுந்தவரைப் பார்க்க முடிகிறது, இருபது வருடம் கழித்து இருமுபவரைப் பார்க்க முடிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சத்தத்துக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. கைநீட்டித் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே சத்தம் 85 டெசிபலைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். எட்டு மணி நேர வேலைக்குப் பல இடங்களில் வைத்திருக்கும் எல்லை அது. அளந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

தீயணைப்பான் பிடிப்பது, முதலுதவி, சுமை தூக்கும் விதம் இவையும் வரும். இவற்றைக் கையால் செய்து பார்க்க விட்டார்களா என்று மட்டும் பாருங்கள். ஏணி சாய்ப்பதற்கு ஒரு கணக்கு சொல்வார்கள்: உயரம் நாலு பங்கு என்றால் அடிப்பக்கம் சுவரிலிருந்து ஒரு பங்கு தள்ளி இருக்க வேண்டும். திரும்பி வந்த அன்றே சொல்லிக்கொடுக்கலாம், செலவே இல்லை.

திரும்பி வந்த பிறகு

வகுப்பிலிருந்து வருபவர் உற்சாகமாக இருபது மாற்றங்களை ஒரே நாளில் கொண்டுவரப் பார்ப்பார். மூன்றாம் நாள் எல்லோரும் அவரைக் கண்டால் ஒதுங்குவார்கள். ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற ஒன்றாக. கழன்று கிடக்கும் கிரைண்டர் கார்டு (சக்கரத்தை மூடும் தடுப்பு), வழியை அடைத்திருக்கும் சரக்கு, மூடியில்லாத மின் பேனல். அதை ஒரு வாரத்துக்குள் சரிசெய்து காட்டினால் அடுத்ததற்கு ஆட்களே வந்து சொல்வார்கள்.

சூப்பர்வைசர் வந்த மறுநாள் முதலாளி அவரோடு அரை மணி நேரம் உட்கார வேண்டும். நான்கு கேள்விகள்: இங்கே உயிர் போகக்கூடிய வேலை எது, அதை அந்த ஐந்து படிகளில் எந்தப் படியில் கட்டுப்படுத்தலாம், அதற்கு என்ன செலவு, நான் கையெழுத்துப் போட வேண்டியது எது? பணம் இப்போது இல்லை என்றால் எப்போது இருக்கும் என்று தேதி சொல்லுங்கள். தேதி சொல்லாமல் "பார்க்கலாம்" என்றால் அந்தப் பயிற்சி அன்றோடு முடிந்தது.

காலையில் வேலை தொடங்கும் முன் நின்றபடியே ஐந்து பத்து நிமிடம் பேசுவதை டூல்பாக்ஸ் மீட்டிங் என்பார்கள். இது உரை நிகழ்த்தும் இடம் இல்லை. இன்றைக்கு என்ன வேலை, அதில் எது கையைக் கடிக்கும், நேற்று ஏதாவது நடந்ததா, இவ்வளவுதான். சூப்பர்வைசர் பேசும் நேரத்தைவிட ஆட்கள் பேசும் நேரம் அதிகமாக இருந்தால் மீட்டிங் சரியாகப் போகிறது. தினமும் "பாதுகாப்பாக வேலை செய்யுங்கள்" என்று முடித்தால் ஒரு வாரத்தில் யார் காதிலும் ஏறாது. "சாரத்தின் மூன்றாவது பலகை ஆடுகிறது, மாற்றும் வரை யாரும் ஏற வேண்டாம்" என்று சொன்னால் ஏறும்.

நூலிழையில் தப்பிய சம்பவங்களை, அதாவது நியர் மிஸ்களை, சொல்லவைப்பது இதைவிடக் கடினம். சொன்னவருக்கு ஒருமுறை திட்டு விழுந்தால் போதும், அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சொன்னவரைத் திட்டாமல் இருப்பது மட்டும் போதாது, அவர் சொன்னதற்கு என்ன செய்தீர்கள் என்று அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும். விபத்தை விசாரிக்கும்போதும் அப்படித்தான். "கவனக்குறைவு" என்று எழுதி முடிப்பது சுலபம். கார்டு ஏன் கழன்றிருந்தது? சுத்தம் செய்யும்போது கழற்றினார்கள். ஏன் திரும்ப மாட்டவில்லை? மாட்டினால் பத்து நிமிடம் போகிறது, ஸ்க்ரூவும் தேய்ந்துவிட்டது. ஏன் மாற்றவில்லை? மூன்று மாதமாகக் கேட்டும் வரவில்லை. கவனக்குறைவு எந்த மேசையில் இருந்தது என்று இப்போது தெரிகிறதா?

புதிதாகச் சேர்பவர்களையும் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் இந்த வட்டத்துக்குள் கொண்டுவர மறக்க வேண்டாம். இடம் பழகாத முதல் சில வாரங்களில்தான் அடிபட வாய்ப்பு அதிகம். கான்ட்ராக்டர் ஆள்தானே, அவர் பார்த்துக்கொள்வார் என்று விடுவது எளிது. ஆனால் சாரம் உங்களுடையது, மின் பேனலும் உங்களுடையது. வந்த முதல் நாளே வெளியேறும் வழி, முதலுதவிப் பெட்டி, தொடக் கூடாத இயந்திரம், யாரிடம் சொல்ல வேண்டும் என்ற நான்கையும் நடந்து காட்டிவிடுங்கள்.

பதிவேடு

இது சலிப்பான வேலைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தாளில் இடது பக்கம் ஆட்களின் பெயர்கள், மேலே பயிற்சிகளின் பெயர்கள். கட்டத்துக்குள் முடித்த தேதியும் காலாவதி தேதியும். காலியாக இருக்கும் கட்டம்தான் உங்கள் அடுத்த வருடத் திட்டம். சான்றிதழ் நகல், வகுப்பின் பாடத்திட்டம், வருகைக் கையெழுத்து மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஆய்வாளர் வரும்போது கேட்பார், காப்பீட்டுக்காரரும் கேட்பார்.

காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பயிற்றுநரிடம் உடனே இடம் கிடைக்காது. புது இயந்திரம் வந்தாலோ, புது ரசாயனம் வந்தாலோ, யாருக்காவது பலமாக அடிபட்டாலோ தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த வேலைக்கான பயிற்சியை அப்போதே திரும்ப எடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியலில் முதல் வரியில் முதலாளியின் பெயரும் இருக்கட்டும், காலாவதி தேதியோடு.